கோமகளும் பரிசாரகரும்: 1926இன் ஒரு மௌனப்படம்

ரஷ்யாவில் 1917இல் நிகழ்ந்த புரட்சி ஜார் மன்னராட்சியை வீழ்த்தியபின், உயிர் தப்பிய அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் பலர் பாரிஸ் நகரில் அடைக்கலம் புகுந்தனர். பட்டம் மிஞ்சிப் பொருள் போய்விட்ட அவர்களுள் சிலர் டாக்சி ஓட்டிப் பிழைத்தனர். ஜார் குலத்து மரியா பாவ்லோவ்னாவோ ‘கித்மிர்’ என்னும் பூத்தையல் நிறுவனத்தை நடத்தி, ஆடை வடிவமைப்பாளர் ஷனேலுக்கு வேலை செய்துகொடுத்தார். அவலமாக மட்டுமே சொல்லப்பட்டிருக்கக்கூடிய இந்த வாழ்வைக் காதல் நகைச்சுவையாக்கிய பிரெஞ்சு நாடகாசிரியர் ஆல்ஃப்ரெட் சவுவாரின் நாடகத்தைத் தழுவி, அமெரிக்காவின் பாரமவுன்ட் நிறுவனம் 1926இல் எடுத்த மௌனப்படமே ‘தி கிராண்ட் டச்சஸ் அண்ட் தி வெயிட்டர்’.

‘கிராண்ட் டச்சஸ்’ என்பது ஜாரின் மகள்களுக்கும் மகன்வழிப் பேத்திகளுக்கும் உரிய பட்டம். அப்பட்டம் தாங்கிய ஜீனியா (ஃபுளோரன்ஸ் விடோர்) நாடிழந்து, உறவினரோடு பாரிஸ் ஓட்டலொன்றில் தங்கியிருக்கிறாள். அவள்மீது மையல் கொண்ட செல்வந்தன் ஆல்பர்ட் (அடால்ஃப் மென்ஜு), அரச குலத்தில் பிறவாத தன்னை அவள் ஏறிட்டும் பாராள் என்பதால், பரிசாரகனாக வேடமிட்டு அவளுக்கு உணவு பரிமாற வருகிறான். பணமுள்ளவன் கைகட்டி நிற்க, பணமற்றவள் அமர்ந்தபடி ஆணையிடும் இந்தத் தலைகீழ் நிலைதான் படத்தின் உயிர்.

இக்கதைக்கு மௌனம் குறையன்று, துணை என்றே சொல்ல வேண்டும். மௌனப்படத்தில் உரையாடல், காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டைகளில் சுருக்கமாகவே தரப்படும். எஞ்சியதனைத்தையும் நடிகரின் உடல் உணர்த்தியாக வேண்டும். உயர்வு தாழ்வு என்பதும் முதுகு வளையும் அளவிலும், கண் நிமிரும் கணத்திலும், கை நீளும் விதத்திலும் வெளிப்படுவதே ஆகையால், வணங்கிப் பழகாத ஒருவன் வணங்கக் கற்பதும், ஆணையிட்டே பழகிய ஒருத்தி தயங்கத் தொடங்குவதும் சொல்லின்றியே பார்வையாளருக்கு விளங்கிவிடுகின்றன. இயக்குநர் மால்கம் செயின்ட் கிளேர், மாக் செனட்டின் அடிதடி நகைச்சுவைக் கூடத்தில் தொழில் கற்று, பஸ்டர் கீட்டனோடு குறும்படங்களை இயக்கியவர். எனினும் இப்படத்தில் அவர் நாடியது, சாப்ளின் 1923இல் ‘எ வுமன் ஆஃப் பாரிஸ்’ படத்திலும், எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1924இல் ‘தி மேரேஜ் சர்க்கிள்’ படத்திலும் வளர்த்த நுண்ணிய குறிப்பு நகைச்சுவையை. முதற்படத்தில் மென்ஜுவும், இரண்டாவதில் மென்ஜு, விடோர் இருவருமே நடித்திருந்ததால், அப்பாணி அவர்களுக்குக் கைவந்த கலையாக இருந்தது.

வேடம் கலைந்ததும், பணியாளனை விரும்பிய வெட்கமும் ஏமாற்றப்பட்ட வலியும் தாளாமல் ஜீனியா மறைந்துவிடுகிறாள். ஆல்பர்ட் மீண்டும் அவளைக் காணும்போது அவள் பாரிசுக்கு வெளியே ஒரு விடுதியைத் தானே நடத்திக்கொண்டிருக்கிறாள். இழந்த அரியணையை அவளுக்கு மீட்டுத் தராமலும், காதலனின் செல்வத்தால் மட்டும் அவளைக் கரையேற்றாமலும், உழைத்து வாழ்பவளாக நிமிர்த்திய பின்னரே இருவரையும் சேர்த்து வைத்த இம்முடிவு, வேடிக்கைக் கதை ஒன்றில் எதிர்பாராத பெருந்தன்மை உடையது. இதே கதை 1934இல் பிங் கிராஸ்பி நடிக்க, ‘ஹியர் இஸ் மை ஹார்ட்’ என்ற பெயரில் பாடல்கள் நிறைந்த பேசும்படமாக மீண்டும் எடுக்கப்பட்டது.