உயர்கல்விச் சேர்க்கை விகிதமும் பள்ளிகளை ஒப்பிடுதலும்

உயர்கல்விச் சேர்க்கை விகிதம் என்பது, ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களுள் நூற்றுக்கு எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தனர் என்பதைக் காட்டும் அளவு. தமிழ்நாட்டில் தேர்ச்சி விகிதத்தோடு இதையும் வைத்துப் பள்ளிகளை ஒப்பிடுகின்றனர். திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி போன்ற ஊரில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்ப்பதா என்பது நெசவாளர் குடும்பத்துக்குப் பெரிய கேள்வி. அப்போது விளம்பரப் பலகையில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருப்பது நல்லது.

தெரிவு செய்து சேர்த்தல்

சில பள்ளிகள் பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டுமே பிளஸ் ஒன்னில் சேர்க்கின்றன. அரசுப் பள்ளிகள் பொதுவாக எல்லா நிலை மாணவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. எனவே இரண்டின் விகிதத்தையும் நேராக ஒப்பிட முடியாது. நூலின் தரம் தெரியாமல் சேலையை மட்டும் பார்த்து நெய்தவரின் கைத்திறனை அளக்க முடியாதது போன்றதே இது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 'அ' பள்ளி 500க்கு 450க்கு மேல் பெற்ற 60 பேரை மட்டும் சேர்க்கிறது. அவர்களில் 57 பேர் கல்லூரிக்குச் செல்கின்றனர். விகிதம் 95%. 'ஆ' பள்ளியில் 200 பேர். 150 பேர் கல்லூரிக்குச் செல்கின்றனர். விகிதம் 75%. ஆனால் 'ஆ' பள்ளியிலும் 450க்கு மேல் பெற்ற 20 பேர் இருந்து, அவர்களில் 19 பேர் கல்லூரியில் சேர்ந்திருந்தால், அந்தப் பிரிவின் விகிதமும் 95% தான். நன்கு படிக்கும் பிள்ளைக்கு இரண்டு பள்ளிகளும் ஒரே பலனைத் தந்துள்ளன. மற்ற 180 பேரில் 131 பேரைக் கல்லூரிக்கு அனுப்பியது 'ஆ' பள்ளியின் கூடுதல் உழைப்பு.

யாரைக் கணக்கில் எடுப்பது?

பிளஸ் ஒன்னில் சேர்ந்த 60 பேரில் 10 பேர் இடையில் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்று, மீதி 50 பேரும் தேர்ச்சி பெற்றால், பள்ளி '100% தேர்ச்சி' என்று அறிவிக்கலாம். தொடக்கத்தில் சேர்ந்தவர்களைக் கணக்கிட்டால் அது 83% மட்டுமே. அதுபோல, ஒரே மாணவர் பொறியியல், வேளாண்மை, கலைக்கல்லூரி மூன்றிலும் இடம் பெற்றால், அவரை மூன்று முறை எண்ணிவிடவும் கூடும்.

அரசின் நடவடிக்கைகள்

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் பொறியியல் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணையே முழுவதும் சார்ந்தது. கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் 'கட் ஆஃப்' பள்ளிகளின் விளம்பரங்களில் முக்கிய இடம் பிடித்தது. பிளஸ் ஒன் பாடங்களை நடத்தாமல் இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடங்களையே நடத்தும் வழக்கத்தைத் தடுக்க, 2017-18ஆம் கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. பள்ளிகளிடையேயான போட்டியைக் குறைக்க, 2017இல் மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது. அதே ஆண்டு முதல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் அடிப்படையில் நடக்கிறது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கருத வேண்டும். இடையில் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்த வாய்ப்பு போய்விடும்.

சரியான ஒப்பீடு

இங்கிலாந்தில் 2016 முதல், தொடக்கப் பள்ளி முடிவில் ஒரே நிலையில் இருந்த மாணவர்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் எவ்வளவு முன்னேறினர் என்று அளந்தனர். அத்தகைய அளவு இல்லாத இடத்தில் பெற்றோர் பள்ளியிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: பிளஸ் ஒன்னில் எத்தனை பேர் சேர்ந்தனர்? அவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ தேர்வு எழுதினர்? எங்கள் பிள்ளை எடுத்த மதிப்பெண்ணோடு சேர்ந்தவர்கள் எந்தக் கல்லூரிக்குச் சென்றனர்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலே அந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் விகிதம்.