முதல் இரு பட்டதாரிகளின் பிற்காலம்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில் குப்பத்தை அடுத்துள்ள குடுபல்லிப் பக்கத்தில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் அன்றாடம் கலந்து பேசப்படும் எல்லைப் பிரதேசத்தில், 1997ஆம் வருஷத்தில் திராவிடப் பல்கலைக் கழகம் தோன்றிய பிறகு, உயர்தரப் படிப்புக்காக வேலூருக்கும் திருப்பதிக்கும் சென்னைக்கும் போகவேண்டியிருந்த சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பட்டப் படிப்பு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஒரே வருஷத்தில் பட்டம் பெற்றவர்கள் பின்னர் ஒன்றுகூடி, இன்னார் இன்ன உத்தியோகத்தில் இருக்கிறார், இன்னாருக்கு விவாகமாயிற்று, இன்னார் காலமானார் என்று க்ஷேமசமாசாரங்களைப் பரிமாறிக்கொள்வது எல்லாக் கலாசாலைகளிலும் உள்ள நல்ல வழக்கம். ஆயினும் அவ்வாறு பகிரப்படும் செய்திகளில் உத்தியோகம் பெறுகிற இடத்தை ஊழியம் பெறுவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. இதற்குச் சான்றாக, குப்பம் அடங்கியிருந்த பழைய சென்னை ராஜதானியின் முதற் பட்டதாரிகளுடைய வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம்.

சென்னைச் சர்வகலாசாலை 1857 செப்டம்பர் 5ஆம் தேதி நிறுவப்பட்டது. அது முதன்முதலாக நடத்திய பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர், இருவருமே யாழ்ப்பாணத்தார். அமெரிக்கப் பாதிரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஸ்தாபித்த செமினரியில் கல்வி பயின்றவர்கள். ஒருவர் காரல் விசுவநாத பிள்ளை. வீசகணிதத்தைத் தமிழில் நூலாக எழுதித் தந்த ஆசிரியர். மற்றவர், 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை.

தாமோதரம் பிள்ளையைப் பற்றி அக்காலத்து நண்பர் ஒருவர் செய்தி திரட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? பெர்சிவல் பாதிரியாரின் தினவர்த்தமானிப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார், அரசாங்கக் கணக்கு இலாகாவில் உயர்ந்தார், பி.எல். பட்டமும் பெற்றுக் கும்பகோணத்தில் வக்கீலாக விளங்கினார், புதுக்கோட்டையில் நியாயாதிபதியானார், ராவ்பகதூர் பட்டம் அடைந்தார் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருப்பார். அத்தனையும் உண்மை, அத்தனையும் பெருமைக்கு உரியவை. ஆனால் அந்த நியாயாதிபதியின் தீர்ப்புகளை இன்று யார் நினைக்கிறார்கள்?

நாம் அவரை நினைப்பதோ, பகற்பொழுதெல்லாம் உத்தியோகத்துக்கு ஈடுகொடுத்தவர், எஞ்சிய நேரத்தையும் கைப்பணத்தையும் சிதைந்துகொண்டிருந்த பனையோலைச் சுவடிகளுக்கு அர்ப்பணம் செய்து, ஊர்தோறும் பிரதிகளைத் தேடி வருவித்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, செல்லரித்த இடங்களுக்கும் எழுதினோர் பிழைக்கும் நடுவே உண்மைப் பாடத்தைத் துணிந்து அச்சேற்றிய காரணத்தினால்தான். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று அவை வெளிவந்தன. சங்கத் தொகை நூல்களுள் ஒன்று முழுமையாக அச்சு வடிவம் பெற்றதற்கு, சட்டப் புத்தகங்களிடையே வாழ்ந்த ஒரு மனிதர் காரணமானார் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது. அதே 1887இல்தான், கும்பகோணம் கலாசாலையில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். தம்முடைய சொந்த நாடாகிய யாழ்ப்பாணத்தையும் தாமோதரம் பிள்ளை மறந்தாரில்லை. ஏழாலையில் ஒரு பாடசாலை நிறுவினார். 1901 ஜனவரி முதல் தேதி அவர் காலமானார்.

இருவரே அடங்கிய அந்த முதல் வகுப்பின் செய்தி இன்றளவும் நமக்குத் தெரிந்திருக்கக் காரணம், அவர்கள் ஊழியம் நூல்வடிவில் நின்றதுதான். நூல் எழுதாத ஆயிரமாயிரம் பட்டதாரிகள் கிராமப் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் நற்பணி புரிந்து, ஒருவரும் எழுதிவைக்காமையால் மறைந்துபோனார்கள். குப்பத்திலும் திருப்பதியிலும் பயின்று வெளியேறிய பழைய மாணவர்கள் அடுத்தமுறை ஒன்றுகூடும்போது, தத்தம் உத்தியோகத்தோடு, அதற்கு அப்பால் தாம் செய்துவரும் பணியையும் தாய்மொழியில் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தொகுத்து, தங்கள் கலாசாலைப் புத்தகசாலையில் ஒரு பிரதி சேர்ப்பித்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன்.