வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே

ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு வாய்க்கும் சோதனைகளுள் பெரியது, தமக்குத் தெரியாத ஒன்றைப்பற்றித் தம்மிடம் ஆலோசனை கேட்கப்படுதலேயாம். தெரியாது என்று சொல்ல நாணம் தடுக்கும். தெரிந்ததுபோற் சொல்லிவிடவோ நா முந்தும். இருபது ஆண்டுக் காலத்தில் நாமும் அத்தவற்றினைப் பலமுறை செய்திருக்கிறோம். சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள் அதனை மேலும் ஒருமுறை செய்யவிருந்து, மயிரிழையில் தப்பினோம்.

அன்று மாலை நம் இல்லத்துக்கு வந்தவர் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். அவர் மகள் நம்மிடம் புவியியல் கற்றவள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே கட்டடக்கலை பயின்று, கொழும்பில் ஈராண்டு தொழில் பார்த்தவள். இப்பொழுது கடல்கடந்து சென்று 'நகர வடிவமைப்பு' என்னும் பட்டப் பின்படிப்பைப் பயில விரும்புகிறாள். இடம் கிடைத்துவிட்டது, பணம் கிடைக்கவில்லை. தென்மராட்சியிலே அவள் சீதனத்துக்கென வைத்திருந்த தென்னங்காணியை விற்றால் ஒருவாறு சமாளிக்கலாம்.

"மாஸ்ரர், வீடு கட்டப் படித்த பிள்ளை வீட்டைக் கட்டட்டும். நகரத்தைப் பார்க்க மாநகரசபை இருக்கிறது. இதிலே இன்னும் இரண்டு வருஷம் படிக்க என்ன கிடக்கிறது? நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் அவள் கேட்பாள்" என்றார் அவர்.

அவர் வேண்டியது ஆலோசனையன்று, ஆமோதிப்பு. "நீங்கள் சொல்வதுதான் சரி" என்னும் வார்த்தை நம் நாநுனிவரை வந்துவிட்டது. அப்பொழுது வாசலில் நின்ற அப்பிள்ளையின் முகத்தைக் கண்டோம். "ஒரு மாதத் தவணை தாருங்கள், படித்துப் பார்த்துச் சொல்லுகிறோம்" என்றோம். அந்த ஒரு மாதத்தில் நாம் அறிந்துகொண்டவற்றையே, இதே கேள்வியோடு நிற்கும் ஏனைய பெற்றோர்க்கும் பயன்படுமெனக் கருதி, ஈண்டு எழுதுகின்றோம்.

கட்டடக் கலைஞர் ஒரு கட்டடத்தை அமைக்கிறார். நகரத் திட்டமிடுவோர் எங்கே குடியிருப்பு, எங்கே தொழிற்சாலை, எவ்வழியே நெடுஞ்சாலை என்று ஒரு பிரதேசம் முழுவதையும் நோக்கி வகுக்கிறார். இவ்விரண்டுக்கும் இடையே யாருக்கும் உரித்தில்லாத ஒன்று எஞ்சி நிற்கிறது. அதுவே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவேயுள்ள வெளி: தெரு, ஒழுங்கை, சந்தி, சந்தைமுற்றம், பஸ் நிலையம், குளக்கரை. நாம் வீட்டைவிட்டுப் புறப்பட்டால் வாழ்வது இவ்வெளியிலேதான். ஆயினும் எல்லாரும் தத்தம் மதிலை உயர்த்தியபின் மிஞ்சியதே தெரு என்னும் நிலையே பல நகரங்களில் உள்ளது. அம்மிச்சத்தை மிச்சமாக விடாது, மனிதர் நடக்கவும் நிற்கவும் பேசவும் தக்கதாய் வகுப்பதற்கான பயிற்சியே நகர வடிவமைப்பு எனலாம்.

இத்துறை தனிப்பெயர் பெற்ற வரலாறு நெடியதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகம் 1909இல் நகர அமைப்புக்கெனத் தனிப் பகுதியொன்றைத் தொடக்கியது. அமெரிக்காவின் ஹார்வாட் பல்கலைக்கழகத்திலே 1956இல், வடிவமைப்புக் கல்லூரியின் தலைவராயிருந்த ஹொசே லூயி சேர்ட் என்பார் 'நகர வடிவமைப்பு' என்ற பெயரிலேயே மாநாடொன்றைக் கூட்டினார். 1960இல் அங்கு அதற்கென ஒரு பட்டப் பின்படிப்பும் ஏற்பட்டது. நம் அயலிலே புதுடில்லியின் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரியில் 1969 முதல் இப்பாடம் போதிக்கப்படுகிறது.

அந்த 1956ஆம் ஆண்டு மாநாட்டில் பேசியவர்களுள் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் மாதும் ஒருவர். அவர் கட்டடக் கலைஞருமல்லர், பட்டம் பெற்றவருமல்லர், சஞ்சிகையொன்றில் எழுதிவந்தவர். நியூயோர்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியிலே பழைய தெருக்களை இடித்துப் புதிய மாடிக் குடியிருப்புகளைக் கட்டியபோது, மூலைக்கடைகள் ஒழிந்தன என்றும், கடையோடுகூட அயலவர் ஒருவரையொருவர் அறிந்து பழகும் இடமும் ஒழிந்தது என்றும் அவர் எடுத்துக் காட்டினார். 1961இல் அவர் வெளியிட்ட நூல் இன்று இத்துறை மாணவர் தவறாது பயிலும் நூல்களுள் ஒன்று. பட்டமில்லாத ஒருவரிடம் பட்டதாரிகள் பாடங்கேட்கும் துறை இது என்பதனைக் கண்டபோது நமக்கு அதன்மீது ஒரு மதிப்புப் பிறந்தது.

இது மேனாட்டாரின் சரக்கு, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் உளர். தொடர்பு உண்டு. ஸ்கொத்லாந்து நாட்டினரான பற்றிக் கெடிஸ் என்பார் தாவரவியல் பேராசிரியர். நகரத்தையும் உயிருள்ள செடியொன்றினைப்போல ஆராய்ந்தவர். உலக நகரங்களின் படங்களையும் வரைபுகளையும் திரட்டி அவர் அமைத்த கண்காட்சி 1914இல் கப்பலேறி இந்தியாவுக்கு வருகையில், சென்னையைக் குண்டுவீசிக் கலக்கிய அதே 'எம்டன்' கப்பலால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. எனினும் அவர் தளரவில்லை. நண்பர்கள் புதிதாய்த் திரட்டி அனுப்பியவற்றைக்கொண்டு 1915இல் சென்னையிலே கண்காட்சியை நடத்தினார். பின்னர் தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களின் தெருக்களிலே நடந்து திரிந்து அறிக்கைகள் எழுதினார்.

அக்காலத்துப் பொறியியலாளர், நெருக்கமான ஒரு பகுதியைக் கண்டால் அதனூடே நேர்கோடு கிழித்து, குறுக்கே நின்ற வீடுகளையெல்லாம் இடிக்குமாறு எழுதுவர். கெடிஸ் அதனை மறுத்தார். இடிந்த வீடு இரண்டொன்றை அகற்றி, அவ்விடத்தில் மரம் நட்டு, கிணற்றைத் துப்புரவாக்கினாற் போதும். ஏழைகளைத் தெருவிலே விடாமற் காற்றையும் வெளிச்சத்தையும் கொணரலாம் என்றார். நல்ல வைத்தியன் விரலை அறுக்குமுன் கட்டை அவிழ்த்துப் பார்ப்பதுபோன்ற முறை இது. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், 1921இல் கொழும்பு நகர் பற்றியும் ஓர் அறிக்கை அளித்தார்.

நாம் பயின்ற பேராதனையும் இக்கலைக்கு ஒரு சான்று. அவ்வளாகத்தின் அமைப்பிலே சேர் பற்றிக் அபர்குரொம்பி, கிளிபோட் ஹொலிடே ஆகியோரின் கை உண்டு; கட்டடங்களை உருவாக்கியவர் ஷேர்லி டி அல்விஸ். ஒருபால் மகாவலியும் ஒருபால் ஹந்தானை மலையும் நிற்க, நடுவே கலகா வீதியில் நடந்துசென்ற நான்கு ஆண்டுகளும், அந்த இன்பம் மலையும் மரமும் தாமாகவே தந்ததென்றே எண்ணியிருந்தோம். மலை தெரியுமாறு கட்டடத்தை எங்கே நிறுத்துவது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது அக்காலத்தில் நமக்குத் தோன்றவேயில்லை.

இவற்றையெல்லாம் படித்தபோதும் நம் ஐயம் முற்றும் நீங்கவில்லை. அதனை நீக்கியது நம் வகுப்பறையே.

கெவின் லிஞ்ச் என்னும் பேராசிரியர் 1960இல் வெளியிட்ட நூலொன்றில், பொஸ்டன், ஜேர்சி சிற்றி, லொஸ் ஏஞ்செல்ஸ் ஆகிய மூன்று நகரத்தவரை வினாவிப் பெற்ற முடிபுகளைக் கூறியுள்ளார். உங்கள் நகரை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்பது அவரது உபாயங்களுள் ஒன்று. பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திகள், அடையாளச் சின்னங்கள் ஆகிய ஐந்தினைக்கொண்டே மக்கள் தம் நகரை மனத்தில் வைத்திருக்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. நாமும் அதனைப் பரீட்சிக்க எண்ணி, உயர்தர வகுப்பு மாணவர் 32 பேருக்கு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, யாழ்ப்பாண நகரை வரையச் சொன்னோம்.

பெரும்பாலோர் பஸ் நிலையத்தை நடுவில் வைத்தனர். மணிக்கூட்டுக் கோபுரம், கோட்டை, நல்லூர்க் கோவில் ஆகியன பலருடைய தாள்களில் இருந்தன. 1981இல் எரியுண்டு மீண்டும் எழுந்த பொதுசன நூலகத்தைச் சிலர் கோட்டையிலும் பெரிதாக வரைந்திருந்தனர். இவையெல்லாம் நாம் எதிர்பார்த்தவையே. ஆனால் ஒரு மாணவியின் தாளில் கோபுரமும் இல்லை, கோட்டையும் இல்லை. ரியூசன் வகுப்பிலிருந்து அவள் வீடு செல்லும் வழி ஒன்றுமட்டும் இருந்தது. அவ்வழியிலே சிறு வட்டங்கள். சில வெறுமையானவை, சில கருப்பாகத் தீட்டப்பட்டவை.

"இவை என்ன, பிள்ளை?" என்று கேட்டோம்.

"லைற் போஸ்ற், சேர். கறுப்பு அடிச்சது எரியாதது. அந்த ஒழுங்கையாலை நான் வாறதில்லை, சுத்தித்தான் வாறனான்" என்றாள்.

எரியாத மூன்று விளக்குகளுக்காக அப்பிள்ளை நாள்தோறும் இருட்டிலே அரைமைல் அதிகம் நடக்கிறாள். அதே ஒழுங்கையால் நாம் எத்தனையோ முறை சைக்கிளிற் சென்றிருக்கிறோம். அது எமக்கு ஓர் ஒழுங்கை, அவ்வளவே. புவியியல் ஆசிரியராகிய நாம் காணாத நகரமொன்றை அத்தாள் நமக்குக் காட்டியது. தபாலதிபரின் மகள் இரண்டு வருஷம் படிக்க விரும்புவது இதனைத்தான் என்பதும் அப்பொழுதுதான் விளங்கிற்று.

அப்படிப்பின் உள்ளமைப்பையும் சொல்லவேண்டும். ஓராண்டு தொடக்கம் ஈராண்டு வரை நீளும் இப்படிப்பின் உயிர்நாடி 'ஸ்ரூடியோ' எனப்படும் வரைகூடப் பயிற்சியாகும். உண்மையான ஓர் ஊரின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மாணவர் குழுவாகச் சென்று அளந்து, குடியிருப்போருடன் பேசி, வரைந்து, சிறு மாதிரிகள் செய்து, ஆசிரியர் முன்னிலையில் தம் யோசனையை நிலைநாட்டல் வேண்டும். கட்டடங்களைக் கருமையாகவும் வெளிகளை வெண்மையாகவும் தீட்டிப் பார்ப்பது முதற்பாடங்களுள் ஒன்று. இதற்கு முன்னோடியாக 1748இல் நொல்லி என்பவர் வரைந்த உரோமாபுரிப் படத்தைக் காட்டுவர். அதிலே தேவாலயங்களின் உட்புறமும் தெருவைப் போலவே வெண்மையாய் விடப்பட்டிருக்கிறது. எல்லாரும் நுழையக்கூடிய இடம் எதுவும் ஊரின் பொதுவெளியே என்பது கருத்து. கோவிலைச் சுற்றிய வெளியை 'வீதி' என்றே வழங்கும் நமக்கு இக்கருத்துப் புதிதன்று. இவற்றோடு நகர வரலாறு, நிலச் சட்டம், காணிப் பொருளாதாரம், போக்குவரத்து, வடிகால், வெப்பதட்பம் என்பனவும் கற்பிக்கப்படும். முடிவிலே பெரும்பாலும் ஓர் ஆய்வோ தனித் திட்டமோ உண்டு.

நல்லதை மாத்திரம் சொல்லி அல்லதை மறைத்தல் முறையன்று. இப்பட்டம் பெற்றவுடன் உத்தியோகம் நிச்சயமென எண்ணலாகாது. நம் நாட்டில் 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும், 1978இல் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபையும் இருந்தபோதிலும், கட்டடக் கலைஞர், பொறியியலாளர் என்பனபோல ஊரறிந்த தொழிற்பெயராக இது இன்னும் வேர்கொள்ளவில்லை. பெரும்பாலும் கட்டடக்கலை போன்ற முதற்பட்டத்தின் மீது ஏறி நிற்கும் படிப்பு இது. ஆதலின் விண்ணப்பிக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண்டல் நன்று. அப்பட்டம் எந்தத் தொழிற்பதிவுக்கு உதவும்? வரைகூடப் பயிற்சியில் எத்தகைய நகரங்களை எடுத்துக்கொள்கின்றனர். வெயிலும் மாரிமழையும் அறிந்த ஊர்களா, உறைபனி பெய்யும் ஊர்களா? புலமைப்பரிசிலுக்கு வழி உண்டா? இறுதிக் கேள்விக்கு விடை தெரியுமுன் காணியை விற்றல் கூடாது.

தவணை முடிந்த நாளில் தபாலதிபர் மீண்டும் வந்தார். நாம் பிரசங்கம் செய்யவில்லை. அம்மாணவியின் தாளை அவர் கையிற் கொடுத்து, கருவட்டங்களின் பொருளைச் சொன்னோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"என்ரை பிள்ளையும் இந்த வழியாலைதானே ரியூசனுக்குப் போய் வந்தவள். ஒருநாளும் சொல்லவில்லையே, மாஸ்ரர்" என்றார்.

"நாமும் கேட்கவில்லை" என்றோம்.

காணி விற்கப்படவில்லை. கிடைத்த இடத்தை ஓராண்டு பிற்போடுமாறு பிள்ளை எழுதியிருக்கிறாள். அவர்கள் இசையாவிடின் இருக்கட்டுமென்று, இந்திய அரசு நம் நாட்டு மாணவர்க்கு வழங்கும் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். அத்தபாற்பொதியைத் தம் கையாலேயே நிறுத்துப் பார்த்து முத்திரை ஒட்டியவர் தந்தையார். விடை இன்னும் வரவில்லை. மூன்று விளக்குகளைப் பற்றி மாநகரசபைக்கு நம் வகுப்பு மாணவர் எழுதிய கடிதத்துக்கு விடை வந்துவிட்டது, இரண்டு எரிகின்றன. மூன்றாவதற்காக மறுபடியும் எழுதியுள்ளோம்.