பொது நாணயம், தனித்தனிக் கருவூலம்

ஐரோப்பிய ஒருங்கிணைப்பு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது யூரோ நாணயம்தான். 1992-இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் அதற்கு வித்திட்டது. 1999-இல் வங்கிக் கணக்குகளிலும் 2002-இல் மக்களின் கைகளிலும் யூரோ வந்து சேர்ந்தது. ஆனால், நாணயத்தைப் பொதுவாக்கியவர்கள் கருவூலத்தைப் பொதுவாக்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளைத்தன என்பது என் கருத்து.

நாணயம் ஒன்றானால் அதன் அடிப்படை வட்டி விகிதமும் ஒன்றாகிவிடும். அதை நிர்ணயிப்பது பிராங்க்பர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி. 2003 வாக்கில் ஜெர்மனியின் பொருளாதாரம் சோர்ந்திருந்தது. குறைந்த வட்டி அதற்குப் பொருந்தியது. விறுவிறுவென வளர்ந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்கும் அயர்லாந்துக்கும் அதே வட்டி அளவுக்கு மீறி மலிவாக இருந்தது. அங்கே கடன் பெருகியது, வீட்டு விலை ஏறியது. கிரீஸ் அரசுக்கும் ஏறக்குறைய ஜெர்மனிக்குக் கிடைத்த வட்டியிலேயே கடன் கிடைத்தது. அரசின் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி இருந்தது உண்மைதான். ஜெர்மனியும் பிரான்சுமே அதை மீறியபோது, 2003-இல் அவற்றின் மீதான நடவடிக்கை நிறுத்தி வைக்கப்பட்டது. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி நீதி போலும்!

கிரீசின் உண்மைப் பற்றாக்குறை முன்னர் சொல்லப்பட்டதைவிடப் பன்மடங்கு என்பது 2009-இன் இறுதியில் வெளிப்பட்டது. சொந்த நாணயம் உள்ள நாடு அதன் மதிப்பை இறங்கவிட்டு ஏற்றுமதியைப் பெருக்கப் பார்க்கும். 1997-இல் ரிங்கிட் சரிந்ததையும், 1998-இல் அரசு அதை ஒரு டாலருக்கு 3.80 என நிலைநிறுத்தியதையும் நாம் அறிவோம். 2001-இலேயே டிராக்மாவைக் கைவிட்ட கிரீசுக்கு இந்த இரண்டு வழிகளும் இல்லை. நாணயம் இறங்க முடியாதபோது சம்பளமும் ஓய்வூதியமும் இறங்கின. 2010-இல் ஐரோப்பிய நாடுகளும் அனைத்துலக நாணய நிதியமும் 110 பில்லியன் யூரோ கடனுதவி அறிவித்தன. கூடவே கடும் சிக்கன நிபந்தனைகளும் வந்தன. 2013-இல் தொழிலாளர் படையில் நால்வரில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. 2015 ஜூலையில், வங்கி இயந்திரத்திலிருந்து நாளொன்றுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்க முடிந்த நாட்களில், பொதுவாக்கெடுப்பில் மக்கள் அந்நிபந்தனைகளை நிராகரித்தனர். ஒரு வாரம் கழித்து, அவற்றுக்குச் சற்றும் குறையாத நிபந்தனைகளுக்கு அரசு உடன்பட்டது.

ஜெர்மானிய வாக்காளரை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. தாம் தேர்ந்தெடுக்காத ஓர் அரசின் கடனுக்குத் தம் வரிப்பணம் ஏன் போக வேண்டும் என்று அவர் கேட்டார். தாம் தேர்ந்தெடுக்காதவர்கள் தம் ஓய்வூதியத்தை ஏன் குறைக்க வேண்டும் என்று கிரேக்கர் கேட்டார். இருவர் கேள்வியும் நியாயமானதே. இருவருக்கும் சேர்த்து விடைசொல்லும் வலுவுள்ள பொதுக் கருவூலம்தான் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடுதான்.

2020-இல் கொவிட் தொற்று இந்தப் பூட்டைச் சற்றே திறந்தது. ஒன்றியத்தின் பெயரிலேயே 750 பில்லியன் யூரோ வரை கடன் திரட்டி, அதில் பாதிக்கு மேல் மானியமாகப் பகிர்ந்தளிக்கத் தலைவர்கள் இணங்கினர். அந்தக் கடனை 2058-க்குள் அடைக்க வேண்டும். எந்த வரியிலிருந்து அடைப்பது என்பதில்தான் இழுபறி.