கயிலாயம் போக எக்செல் கணக்கு

"பணம் சேரட்டும், போகலாம்." ஓய்வு பெற்றதிலிருந்து என் அப்பா இதையேதான் சொல்லி வந்தார். அவருக்குக் கயிலாயம், மானசரோவர் பார்க்க வேண்டும். வயது 66.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையே கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து எக்செலைத் திறந்தேன். பயணம், கம்பளி உடை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். பென்ஷனில் மாதம் 3,000 ஒதுக்கலாம் என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள். காலி செல் ஒன்றில் கிளிக் செய்து, பார்முலா பாரில் உள்ள எஃப்எக்ஸ் பட்டனை அழுத்தி, என்பெர் என்ற ஃபங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். ரேட் கட்டத்தில் 6%/12, பிஎம்டியில் -3000, பிவியில் 0, எஃப்வியில் 300000 என டைப் செய்யுங்கள். (மைனஸ் என்பது கையிலிருந்து போகும் பணம். மறந்தால் விடை தாறுமாறாக வரும்.) ஓகே கொடுத்ததும் 81.3 என்று வந்தது. அத்தனை மாதங்கள்! கிட்டத்தட்ட 7 ஆண்டு.

அப்போது அப்பாவுக்கு 73. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரையில் 70 வயதுக்கு மேல் அனுமதி இல்லை. உடல் எடைக் குறியீடும் 25-ஐத் தாண்டக் கூடாது. 5,600 மீட்டருக்கு மேல் உள்ள டோல்மா கணவாயை ஏறிக் கடக்க வேண்டுமே! அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வியைத் திருப்பிப் போட்டோம். இம்முறை பிஎம்டி ஃபங்ஷன்; என்பெர் கட்டத்தில் 36. மாதம் 7,627 ரூபாய் என்று மைனஸோடு வந்தது. மீதி 4,627-ஐ நான் போடுகிறேன் என்றேன்.

"கடன்னு எழுதி வைடா" என்றார். அதற்கும் ஒரு ஷீட் திறந்தாயிற்று.