பாத்தேக் சாயம் ஏன் எல்லாத் துணியிலும் ஏறுவதில்லை?

ஆடை வடிவமைப்பு பயிலும் மாணவி ஒருவர் பருத்தியிலும் பாலியெஸ்டரிலும் ஒரே பாத்தேக் பூவை வரைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சாந்திங்' கருவியால் உருகிய மெழுகைக் கோடாக இழுத்து, உள்ளே வினைபடு சாயம் தீட்டி, சோடியம் சிலிகேட் பூசி ஊறவிடுகிறார். கொதிநீரில் மெழுகை நீக்கி அலசியதும் பருத்தியில் பூ பளிச்சென்று நிற்கிறது. பாலியெஸ்டரிலோ, பாதி நாள் உழைப்பு தண்ணீரோடு போய்விடுகிறது!

பருத்தி இழை செல்லுலோசால் ஆனது. அதில் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏராளம். சோடியம் சிலிகேட் தரும் காரத்தன்மையில் சாய மூலக்கூறு அவற்றுடன் சகப்பிணைப்பை ஏற்படுத்துகிறது. பாலியெஸ்டரில் அப்படிப் பிணைய இடமில்லை. உங்கள் பள்ளிச் சட்டை கலப்புத் துணியா? அதில் பருத்தி இழை மட்டுமே நிறமேறும், பூ வெளிறித் தெரியும். ஆகவே துணியின் லேபிளை முதலில் படியுங்கள். பட்டு புரதம்தான், ஆனாலும் அதன் அமினோ தொகுதிகள் இச்சாயத்தை நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.