காமிரா கைக்கு வருமுன்

1919ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் சோவியத் அரசாங்கத்தார் ஒரு சினிமாப் பள்ளியைத் தொடங்கினார்கள். இவ்வகைக் கலாசாலைகளுள் உலகிலேயே மிகப் பழமையானவற்றுள் அதுவும் ஒன்று. ஆயினும் உள்நாட்டு யுத்தமும் வெளிநாட்டு வியாபாரத் தடையும் ஒருங்கே அந்நாட்டை வாட்டிக்கொண்டிருந்த அக்காலத்தில், படம் பிடிப்பதற்கு இன்றியமையாத கச்சா பிலிம் அங்கே கிடைத்தற்கு அரிதாயிருந்தது. கற்பிக்க வந்த ஆசிரியரிடமும் கற்க வந்த மாணாக்கரிடமும் சினிமாவின் மூலப்பொருளே இல்லை. அந்த இல்லாமையின் நடுவில்தான், இன்று உலகமெங்கும் சினிமா மாணவர்களுக்கு முதற் பாடமாகச் சொல்லப்படும் ஒரு பரிசோதனை பிறந்தது.

ஆசிரியர்களுள் ஒருவரான லெவ் குலெஷோவுக்கு அப்பொழுது வயது இருபதுதான். தம்மிடம் பயின்ற இளைஞர்களைக் கொண்டு, ஷாட் ஷாட்டாகப் பிரித்து அமைத்த காட்சிகளை மேடையிலேயே நடிக்கச் செய்து, அவற்றைப் 'பிலிம் இல்லாத படங்கள்' என்று அவர் அழைத்தார். பழைய படச்சுருள்களை வெட்டி, வேறு வரிசையில் ஒட்டி, அதனால் அர்த்தம் எவ்வாறு மாறுகிறதென்று ஆராய்வதும் அவர்களுடைய பயிற்சியாயிற்று. இவ்வாறு ஒட்டிய ஒரு துண்டில், மொஸ்ஜூகின் என்ற பிரசித்தி பெற்ற நடிகரின் முகம், எவ்வித உணர்ச்சியையும் வெளிக்காட்டாத நிலையில், மூன்று முறை வந்தது. முதலில் அதை அடுத்து ஒரு சூப் கிண்ணம். பிறகு சவப்பெட்டியில் கிடத்திய ஒரு பெண். மூன்றாவதாகப் பொம்மையுடன் விளையாடும் ஒரு சிறுமி. முகம் மூன்று இடங்களிலும் ஒன்றே. அப்படியிருந்தும் பார்த்தவர்கள், நடிகர் சூப்பை நோக்கிய சிந்தனையையும், இறந்தவளை நோக்கிய துக்கத்தையும், குழந்தையைக் கண்ட மெல்லிய மகிழ்ச்சியையும் வியந்து பாராட்டினார்கள் என்று, குலெஷோவின் மாணவரும் பிற்காலத்தில் கீர்த்தி வாய்ந்த இயக்குநருமான புதோவ்கின் எழுதிவைத்திருக்கிறார்.

இதை வேதவாக்காக ஏற்றுக்கொள்ளலாகாது. அந்தச் சுருள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கும் வர்ணனைகளும் விவரங்களில் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. 1992இல் அமெரிக்காவில் இருவர் இதனைத் திரும்பச் செய்து பார்த்தபோது எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை. 2016இல் வெளியான வேறோர் ஆராய்ச்சியில் அது ஓரளவுக்குக் கிட்டியது. எனவே நூறாண்டுகளாகியும் தீர்ப்பு முழுமையாகவில்லை. நம் பள்ளிகளில் ஊடகக் கல்வி பயிலும் மாணவர்களுக்கு நான் இதைச் சொல்வதன் நோக்கமே இதுதான்: சினிமாவின் அடிப்படைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரங்கள் அல்ல, கண்ணின் இயல்பையும் காதின் இயல்பையும் பற்றிய, நாமே சோதித்துப் பார்க்கக்கூடிய உண்மைகள். ஒரு வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே முகத்தை வெவ்வேறு காட்சியோடு இணைத்துக் காட்டி, ஒருவர் மற்றவருடைய அபிப்பிராயத்தைக் கேளாதபடி தாளில் எழுதச் சொன்னால், ஒரு பாடவேளைக்குள் மாஸ்கோவின் பரிசோதனை நம்மூர்ப் பரிசோதனையாகிவிடும். விடை எதுவானாலும் அது அந்த மாணவர்கள் கண்டுபிடித்த விடையாக இருக்கும்.

இன்னும் அடிப்படையான ஒரு கேள்வி, அசையாத படங்கள் நமக்கு ஏன் அசைவதாகத் தோன்றுகின்றன என்பது. 'விழித்திரையில் பிம்பம் சிறிது நேரம் தங்கி நிற்பதால்' என்று பல பாடநூல்கள் ஒரே வரியில் விடை சொல்லிவிடுகின்றன. பிம்பம் தங்குவது மெய்தான். ஆனால் தங்குவது மட்டுமே காரணமாயிருந்தால், ஓடும் குதிரையின் ஒரு நிலைமேல் அடுத்த நிலை படிந்து, நாம் காண்பது ஓட்டமாக இராமல் வெறும் குழப்பமாகவன்றோ இருக்கும்? 1912ஆம் ஆண்டில் மாக்ஸ் வெர்தைமர் என்ற மனோதத்துவ அறிஞர், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தாம் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார். அருகருகே இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, இடையிலுள்ள கால அளவை மட்டும் அவர் மாற்றிக்கொண்டே வந்தார். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டால், ஒன்று மறைந்து மற்றொன்று தோன்றுவது தெளிவாகத் தெரிந்தது. ஆயிரத்தில் முப்பது பங்காகக் குறைத்தால், இரண்டும் ஒருங்கே நிற்பதாகத் தோன்றியது. இவற்றுக்கு நடுவே, ஏறக்குறைய ஆயிரத்தில் அறுபது பங்கு என்ற அளவில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகப் பார்த்தவர்கள் கூறினார்கள். நகர்வு திரையில் இல்லை. காண்பவனுடைய மூளை அதைச் சிருஷ்டிக்கிறது.

பேசும் படம் வந்த காலத்தில், ஒலித்தடம் சீரான வேகத்தில் ஓட வேண்டியிருந்தமையால், விநாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கு நிலைபெற்றது. ஆனால் விநாடிக்கு 24 முறை மின்னும் ஒளி கண்ணுக்குத் துடிப்பாகத் தெரியும். ஆகவே புரொஜெக்டரின் ஷட்டரில் இரண்டு அல்லது மூன்று தகடுகளை வைத்து, ஒவ்வொரு பிரேமையும் இரண்டு அல்லது மூன்று முறை திரையில் வீசி, மின்னலை 48 ஆகவோ 72 ஆகவோ உயர்த்தினார்கள். அசைவைக் காட்டுவது ஒரு காரியம், துடிப்பை மறைப்பது வேறொரு காரியம். பாடநூலின் ஒற்றை வரி இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

குலெஷோவின் மற்றொரு பரிசோதனையும் மாணவர்களுக்கு மிகவும் பயன்படும். ஓர் இளைஞன் இடமிருந்து வலமாக நடக்கிறான். ஒரு பெண் வலமிருந்து இடமாக நடக்கிறாள். இருவரும் சந்தித்துக் கைகுலுக்குகிறார்கள். அவன் எதையோ சுட்டிக் காட்டுகிறான். ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் தெரிகிறது. இருவரும் படிகளில் ஏறுகிறார்கள். மாஸ்கோவின் வெவ்வேறு இடங்களில் எடுத்த துண்டுகளுக்கு நடுவே வந்த அந்தக் கட்டடம், ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டி எடுத்த வாஷிங்டன் வெள்ளை மாளிகை. உலகில் எங்குமே இல்லாத ஓர் இடம், பார்வையாளர் மனத்தில் முழு நிச்சயத்தோடு உருவாயிற்று. நடையின் திசைதான் அந்த நிச்சயத்தைக் கொடுத்தது. பேசிக்கொள்ளும் இருவருக்கிடையே ஒரு கோடு இருப்பதாகப் பாவித்து, காமிராவை அதன் ஒரு புறத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிற்காலத்தார் வகுத்த விதிக்கும் அடிப்படை இதுவே. கோட்டைத் தாண்டி ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எதிரெதிரே நின்ற இரண்டு நண்பர்களும் ஒரே திக்கை நோக்கிப் பேசுவதாகத் தோன்றும்.

இனி ஒளி. இதில் நான் முன்னிறுத்த விரும்பும் ஆசான் வங்காளத்தைச் சேர்ந்த சுப்ரத மித்ரா. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் கல்கத்தாவுக்கு அருகே 'தி ரிவர்' என்ற படத்தை எடுக்க வந்தபோது, மித்ரா இருபது வயதை எட்டாத கல்லூரி மாணவர். அப்படத்தில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை, வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. விளக்கு எங்கே நின்றது, காமிரா எங்கே நகர்ந்தது, நடிகர் எங்கே திரும்பினார் என்பவற்றையெல்லாம் அவர் நாள்தோறும் படமாக வரைந்து குறித்துக்கொண்டார். சில ஆண்டுகளுக்குள், அதுவரை ஒரு சினிமாக் காமிராவையும் இயக்கியறியாத அவர், சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவாளரானார். காகிதமும் பென்சிலும் கூர்ந்த கண்ணுமே அவருக்குச் சினிமாப் பள்ளியாக இருந்தன.

1956இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி நகரத்து வீடொன்றின் உள்முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட்டாக அமைக்க நேர்ந்தபொழுது, மித்ராவுக்கு அதில் சம்மதமில்லை. மேலே திறந்த வானத்திலிருந்து இறங்கி, எப்பக்கமும் சமமாகப் பரவும் முற்றத்து வெளிச்சத்தை, கூர்மையான நிழல் வீழ்த்தும் ஸ்டூடியோ விளக்குகளால் எவ்வாறு கொண்டுவருவது? இறுதியில் செட்டின் தலைக்குமேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை நடிகர்மீது காட்டாமல் அத்துணிமீது பாய்ச்சி, அங்கிருந்து சிதறி இறங்கும் ஒளியில் படம் பிடித்தார். அதில் அடங்கிய பௌதிகம், கிரகணப் பாடத்தில் நம் மாணவர்கள் படிக்கும் கருநிழலும் புறநிழலுந்தான்: ஒளி தரும் பரப்பு சிறிதானால் நிழலின் விளிம்பு கத்திபோல் இருக்கும், பரப்பு பெரிதானால் புறநிழல் அகன்று, விளிம்பு கரைந்து, முகம் மிருதுவாகும். இன்றும் நம் படப்பிடிப்புகளில் நடிகரின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும் வெள்ளைத் தெர்மோகோல் பலகை அந்தத் துணியின் வேலையைத்தான் செய்கிறது. ஒரு பலகை, ஒரு மேஜை விளக்கு, பொறுமையாக உட்காரச் சம்மதிக்கும் ஒரு தோழன் இருந்தால், ஒரு மாலைப் பொழுதுக்குள் இது முழுவதும் பிரத்தியட்சமாகிவிடும்.

காமிராவிலுள்ள எண்கள் பலரைக் கலவரப்படுத்துகின்றன. 2, 2.8, 4, 5.6, 8 என்று லென்ஸின் துவாரத்தைக் குறிக்கும் எண்கள் ஏன் இப்படி ஒழுங்கின்றி ஏறுகின்றன என்ற கேள்விக்கு, வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரமே விடை. ஒவ்வோர் எண்ணும் முந்தியதை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைப்பது. விட்டம் அந்த அளவு சுருங்கினால் பரப்பு சரிபாதியாகும், உள்ளே நுழையும் ஒளியும் சரிபாதியாகும். ஷட்டர் வேகத்திலோ நம் நாட்டு மின்சாரம் குறுக்கிடுகிறது. அது விநாடிக்கு 50 சுழற்சி உடையது. பழைய சோக் பொருத்திய டியூப் லைட் அதனால் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. ஷட்டரை 50இல் ஒரு விநாடிக்கு வைத்தால், பிரேம் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு துடிப்புகளைப் பெறும். 60இல் ஒரு விநாடிக்கு வைத்தால், ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று, வெளிச்சம் பிரேமுக்குப் பிரேம் வேறுபட்டு, படத்தில் பட்டைகள் ஊரும். மின்சாரம் 60 சுழற்சியாயுள்ள அமெரிக்காவில் எழுதப்பட்ட கையேட்டை இங்கே அப்படியே பின்பற்றினால் நேரும் சங்கடம் இது. கைபேசியை ஸ்லோமோஷனில் வைத்து அந்த விளக்கைப் படம் பிடித்தால், துடிப்பைக் கண்ணாலேயே காணலாம்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதன் முதல் விதி மிக எளியது: மைக்கைப் பேசுகிறவருக்கு அருகே கொண்டுபோங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். மாணவர் படங்களிற் பெரும்பாலானவை கெடுவது காட்சியால் அல்ல, எட்டப் பதிந்த குரலால். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கிளாப் அடிப்பது, பலகை மூடும் பிரேமையும் அதன் சப்தத்தையும் எடிட்டிங்கில் ஒன்றுசேர்ப்பதற்காக. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. அதை 24ஆல் வகுத்தால் பதினான்கு மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே மைக் அவ்வளவு தூரத்தில் இருந்தால் சப்தம் ஒரு பிரேம் பிந்தியே வந்து சேரும். பள்ளி மைதானத்தின் இரு கோடிகளில் நின்று இதை அளந்து பார்க்கும் மாணவன், ஒலியின் வேகத்தையும் ஒத்திசைவின் நுட்பத்தையும் ஒரே சமயத்தில் கற்றுக்கொள்கிறான்.

புதோவ்கின் சினிமாவுக்கு வருமுன் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பௌதிகமும் ரசாயனமும் படித்தவர். இதை நான் தற்செயலென்று கருதவில்லை. ஊடகப் பாடம் நடத்தும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: விலையுயர்ந்த காமிராவுக்காக நிதி திரட்டும்வரை வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள், வாரத்தில் ஒரு பாடவேளை உங்கள் பௌதிக ஆய்வுக்கூடத்தை ஊடக மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். குவிலென்ஸும் இசைக்கவையும் நிழல் விழும் வெள்ளைச் சுவரும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. விஞ்ஞான ஆசிரியரும் ஊடக ஆசிரியரும் அந்த ஒரு மணி நேரம் சேர்ந்து நின்று கற்பிக்கட்டும்.